மேலணைச் சம்பந்தி

என் மனைவிக்கு ஒரு சம்பந்தியம்மா இருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. பிறகு சம்பந்தி எங்கிருந்து முளைத்தார் என்று கேட்பீர்கள். ஆறு கொண்டுவந்த உறவு அது.

எங்கள் ஊர் ஆறு அடுத்த நாட்டு மலையில் பிறக்கிறது. அவர்களுடைய பெரிய அணையில் தங்கிவிட்டு, எல்லை தாண்டி எங்களிடம் வருகிறது. என் மனைவிக்கு இங்கே வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தில் வேலை. அந்த அம்மாவுக்கு அங்கே மேலணை அலுவலகத்தில். அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்று தினமும் காலையில் அவர் போனில் இரண்டு எண் சொல்ல, இவள் எழுதிக்கொள்வாள். முதல் வருஷம் இரண்டு பேரும் மேடம், மேடம் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்த அம்மா, "எங்க வீட்டுப் பொண்ணை உங்ககிட்ட அனுப்பறோம், கொஞ்சம் பார்த்து நடத்துங்க" என்று சொல்லிவிட்டார். இவள் விடுவாளா? "வரும்போதெல்லாம் வீட்டைப் புரட்டிப் போடறா. என்ன வளர்ப்போ போங்க!" என்றாள். அன்றிலிருந்து சம்பந்திகள்தான். வெள்ளத்தில் மரக்கட்டை மிதந்து வந்தால் சீர் வந்தது என்பார்கள். கோடையில் ஆறு வற்றினால், "பொண்ணைப் பொறந்த வீட்டிலயே வச்சுக்கிட்டீங்களே" என்று இவள் குறைப்படுவாள். பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

நான் டவுன் பஸ் ஓட்டுகிறேன். அவள் வேலை எனக்கு முழுதாகப் புரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அலுவலகத்துக்கு நிறைய தடவை போயிருக்கிறேன். பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு பக்கெட். வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்கிறவர்களால் அந்தக் கூரை எப்போது ஒழுகும் என்று மட்டும் சொல்ல முடியாது. சுவர் நீளத்துக்குத் திரை, அதில் நீலக் கோடாக எங்கள் ஆறு. எங்கே எவ்வளவு மழை பெய்தது, மண் எவ்வளவு குடிக்கும், மிச்சம் எந்த ஓடையில் இறங்கி எத்தனை மணிக்கு எந்தப் பாலத்தைத் தொடும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டபடியே இருக்கும். அந்தக் கணக்குக்கு அவர்கள் வைத்த பெயர் 'மாதிரி'. எனக்கு அவள் என் பாஷையிலேயே விளக்கினாள். "பஸ் எத்தனை மணிக்கு டிப்போவை விட்டுக் கிளம்புச்சுன்னு தெரிஞ்சா, எந்த ஸ்டாப்புக்கு எப்ப வரும்னு நீங்க சொல்லிடுவீங்கல்ல? அதேதான். அந்த அணைதான் எங்க டிப்போ."

இரண்டு வருஷம் மழை பொய்த்தது. தண்ணீரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இரண்டு அரசாங்கங்களும் மேடை போட்டுத் திட்டிக்கொண்டன. கடைசியில், அணைக் கணக்கைக் கீழே யாருக்கும் சொல்லக்கூடாது என்று அங்கே உத்தரவு வந்தது. சம்பந்தியம்மா கடைசியாகப் பேசிய நாளில் எண் எதுவும் சொல்லவில்லை. "கையெழுத்து வாங்கிட்டாங்க. இனிமே பேச முடியாது. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

அதற்குப் பிறகு அந்த 'மாதிரி' அரைக்குருடாகத்தான் ஓடியது. அணை எவ்வளவு திறக்கும் என்பதை, செயற்கைக்கோள் காட்டிய மேகத்தையும் பழைய வருஷங்களின் வழக்கத்தையும் வைத்து ஊகித்தார்கள். எல்லையில் நம் பக்கம் இருந்த தானியங்கி அளவுமானியை ஒரு மரம் மோதி அடித்துக்கொண்டு போயிருந்தது. புதிது வாங்கும் கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. மிஞ்சியது ரயில் பாலத்து அளவுமானி ஒன்றுதான். அங்கே தண்ணீர் ஏறினால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் ஊருக்குள் இருக்கும்.

என் அக்கா வீடு ஆற்றங்கரைத் தெருவில். கீழே கடை, மேலே வீடு. அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுவேன், எரிந்துபோன பம்ப் மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கடை முழுக்கத் திறந்து போட்ட மோட்டார்கள், செம்புக் கம்பிச் சுருள், வார்னிஷ் வாசனை. அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவாள். அக்காவுக்கும் என் மனைவிக்கும் ஏழாம் பொருத்தம். "நாள் பூரா தண்ணி எங்க வருதுன்னு பார்க்கறா, வீட்டுக் குழாய்ல தண்ணி வருதான்னு பார்க்க மாட்டா" என்று என் காதுபடவே சொல்வாள். இவள் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பாள். அது அக்காவுக்கு இன்னும் எரிச்சல்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் ஊரில் பெரிதாக மழையே இல்லை. அதுதான் வினையாகப் போனது. பொழுது விடிந்திருந்தது. நான் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இவள் ஈரத் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்பந்தியம்மா, நான்தான்."

சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது. "எப்படி இருக்கீங்க? இது யார் போன்?"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல எழுதிக்கோங்க. இங்க மலையில மழை விடவே இல்ல. அணை விளிம்புல நிக்குது. சுவர் தாங்குமான்னு பயந்துட்டாங்க. ஏழு மணிக்கு எல்லா ஷட்டரையும் தூக்கறாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாத்தையும்."

ஒரு எண்ணைச் சொன்னார். என் மனைவி அதைத் திருப்பிச் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாகக் காலையில் எண் கேட்ட முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை.

"கீழ சொல்லிட்டாங்களா? எங்க அரசாங்கத்துக்கு?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. கீழ ஜனங்க இருக்காங்கங்கற நெனப்பே இங்க யாருக்கும் இல்ல. எனக்கு உங்க குரல் பழகிடுச்சு, அதான் கை சும்மா இருக்கல. இது நான் சொன்னதா வெளிய வந்தா வேலையோட போகாதும்மா. உள்ள தூக்கி வச்சுடுவாங்க."

"வராது. நான் இருக்கேன்."

போன் வைக்கப்பட்டது. கூந்தலை அப்படியே முடிந்துகொண்டு கிளம்பினாள். நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு டிப்போவுக்குப் போனேன்.

அலுவலகத்தில் நடந்ததை அவள் பிறகு துண்டு துண்டாகச் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். அந்த எண்ணைப் போட்டு மாதிரியை ஓட்டினாள். நீலக் கோடு எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததும் வீங்கிச் சிவப்பானது. பொழுது சாயும் நேரத்தில் ஆற்றங்கரைத் தெருவில் மாடி ஜன்னல் வரைக்கும் தண்ணீர். மறுபடி ஓட்டினாள். அதேதான்.

முதல் வேலையாகப் படிக்கட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தாள்.

"ஏண்டி, ரேடியோவுல ஒண்ணும் சொல்லலியே?"

"ரேடியோவுக்குச் சொல்ற ஆளே நான்தான் அண்ணி. இன்னும் சொல்ல விடல. சாயங்காலத்துக்குள்ள நீங்களும் அண்ணனும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

 "சரி. தெருவுலயும் சொல்றேன்" என்றாள் அக்கா. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி சொன்ன ஒரு விஷயத்துக்கு அக்கா எதிர்ப்பேச்சு பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அடுத்து இயக்குநர். அலுவலகத்தில் அவருக்குப் 'பார்க்கலாம் சார்' என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் பார்க்கலாம் என்பார். கெட்டவர் இல்லை. முந்தின வருஷம் என் மனைவி ஊகித்துச் சொன்னதை நம்பி, ஊரை வெளியேற்றும் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர். ஆறு வரவில்லை. அந்த அவசரத்தில் எங்கள் டிப்போ பஸ் ஒன்று பள்ளத்தில் சரிந்து ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பஸ்ஸை ஓட்டியவன் இப்போது வேலைக்கு வருவதில்லை. கையெழுத்துப் போட்டவர் வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"இந்த எண் எங்கேருந்து வந்துச்சு?"

"மேலணையிலேருந்து, சார்."

"கடிதமா, மெயிலா?"

"போன்."

"யாரு பண்ணாங்க?"

இவள் வாய் திறக்கவில்லை.

"அம்மா, போன வருஷம் நீங்க சொன்னீங்க, நான் போட்டேன். அந்தக் குழந்தைங்க முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகல. இப்ப ஊர் பேர் தெரியாத ஒரு போனை நம்பி நாற்பதாயிரம் பேரைக் கிளப்பச் சொல்றீங்க. வெளிய வெயிலடிக்குது. எப்படிப் போவாங்க?"

"தப்பா இருந்தா என் வேலையை எடுத்துக்கோங்க சார்."

"உங்க வேலையை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

தண்ணீர் அணையை விட்டுக் கிளம்பிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அந்த அறையில் நின்றுகொண்டே அது எந்த வளைவில் திரும்புகிறது என்றுகூட அவளால் சொல்ல முடியும். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள். பிறகு, யார் என்று சொன்னாள். "பேசாம இருந்த நேரத்துக்கும் என்கிட்ட பதில் இல்ல, பேசுன அந்த நிமிஷத்துக்கும் இல்ல" என்று இப்போதும் சொல்கிறாள்.

இயக்குநர் அவள் எதிரிலேயே தலைநகரத்து அமைச்சகத்துக்குப் போன் போட்டார். "பேர் வேண்டாம் சார், பதவி மட்டும்" என்று இவள் கெஞ்சினாள். அவரும் பதவியை மட்டும்தான் சொன்னார். அந்தப் பதவியில் இருப்பது ஒரே ஆள். அமைச்சகம் ஒளிவுமறைவே இல்லாமல் எல்லைக்கு அந்தப் பக்கம் கேட்டது: உங்கள் அணை அதிகாரி ஒருவர் இப்படிச் சொல்கிறாராமே, உண்மையா?

பதில் நண்பகலுக்கு முன்பே எழுத்தில் வந்தது. வழக்கமான அளவுக்கு மேல் ஒரு சொட்டும் திறக்கப்படவில்லை, வதந்திகளை நம்ப வேண்டாம். கீழே முத்திரையும் கையெழுத்தும்.

"எழுத்தில இல்லைன்னு சொல்லிட்டாங்க. இதை மீறி நான் என்னன்னு எழுதறது? அந்த எண்ணை எடுத்துட்டு ஓட்டுங்க" என்றார் இயக்குநர். இவள் மாட்டேன் என்றாள். பொத்தானை அழுத்த ஆளா இல்லை? வேறொருவர் அழுத்தினார். அறிக்கை போனது. ஆற்றின் மட்டம் சற்று உயரலாம், அபாய அளவைத் தொடாது, மக்கள் பயப்படத் தேவையில்லை.

நான் அப்போது ரோட்டில் இருந்தேன். எனக்கும் காலையிலேயே போன் செய்திருந்தாள். டிப்போ மேனேஜரிடம் போய், ஆற்றங்கரைத் தெருவுக்கு நாலு பஸ் அனுப்பலாமா என்று கேட்டேன். "உன் பொண்டாட்டி சொன்னா பஸ் போகுமா? ஆர்டர் இருக்கா?" என்றார். இல்லை. என்னிடம் இருந்தது என் ஒரு பஸ்ஸும் என் ரூட்டும்தான்.

என் ரூட் ஆற்றங்கரைத் தெரு முனையைத் தொட்டுக்கொண்டு போகும். மத்தியான நடையில் முனையில் நிறுத்தினேன். அக்கா நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். வீடு வீடாகக் கதவைத் தட்டி முடித்திருந்தாள். தொண்டை கட்டிவிட்டது.

"என் தம்பி பொண்டாட்டி அந்த ஆபீசுலதான் இருக்கா. அவளே சொன்னா. என்னை என்ன பைத்தியம்னு நெனச்சீங்களா?"

"இல்லக்கா, வானத்தைப் பாருங்க, ஒரு மேகம் இல்ல" என்றார் ஒருவர்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கி, டிக்கெட் வேண்டாம், ஏறுங்கள் என்றேன். கண்டக்டரும் நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து பேர் மூட்டையோடு ஏறினார்கள். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் பின்சீட்டில் இருந்த ஒருவர் வெள்ள அலுவலகத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அங்கே இருந்த பெண் அறிக்கையைப் படித்தாள். அபாய அளவைத் தொடாது. பயப்படத் தேவையில்லை.  "டிரைவர் சார், நிறுத்துங்க" என்றார்கள். அடுத்த ஸ்டாப்பில் பாதிப் பேர் மூட்டையோடு இறங்கித் திரும்பி நடந்தார்கள். ஒரு பெண் போகிறபோது, "உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, இப்படியெல்லாம் விளையாடக்கூடாதுன்னு" என்றாள்.

மாமாவும் அந்த எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். அக்காவிடம், "அவ ஆபீசுலயே வெள்ளம் வராதுன்னுதான் சொல்றாங்க. சரி, அவளும் பொய் சொல்ற பொண்ணு இல்ல. நீ பள்ளிக்கூடத்துக்குப் போ. நான் இந்த மோட்டாரையெல்லாம் பெஞ்சு மேல ஏத்திட்டு வரேன். ஊரான் சொத்து, நனைஞ்சா யார் பதில் சொல்றது?" என்றாராம். இரண்டு பேர் பேச்சையும் மதித்தார். முழங்கால் அளவுக்கு வரும் என்று தானே ஒரு கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ற உயரத்தில் பலகை அடுக்கினார்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் ரயில் பாலத்து அளவுமானி ஏறத் தொடங்கியது. சும்மா ஏறவில்லை, ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு ஆள் உயரம் ஏறியது. அதற்குப் பிறகு இயக்குநர் யாரையும் கேட்கவில்லை. அவரே மைக்கைப் பிடித்தார். சைரன் ஊதியது. எங்கள் டிப்போவுக்கும் ஆர்டர் வந்தது. ஊரே ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வந்தது. காலையில் காலியாகக் கிடந்த ரோடு, இப்போது மாட்டிக்கொண்ட வண்டிகளால் அடைத்துக்கொண்டது.

நான் ஆற்றங்கரைத் தெருவுக்குள் இரண்டு நடை போனேன். முதல் நடையில் தரை காய்ந்திருந்தது. ஆறு மட்டும் வேறு மாதிரி இரைந்தது. இரண்டாவது நடையில் சக்கரத்தின் பாதிக்குத் தண்ணீர், செம்மண் நிறத்தில். மனிதர்கள் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளை உள்ளே போட்டார்கள். மத்தியானம் இறங்கிப்போன அந்தப் பெண்ணும் ஏறினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா கடை எதிரில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து எட்டிப் பார்த்தார். கையெல்லாம் கிரீஸ்.

"மாமா, ஏறுங்க! போதும்!"

"இன்னும் ரெண்டுதாண்டா. நீ இவங்களை விட்டுட்டு வா, வந்துடறேன்."

பஸ்ஸில் நிற்க இடமில்லை. பின்னால் இன்னொரு பஸ் ஹாரன் அடித்தது. கிளம்பினேன். மேட்டில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியபோது தெரு முனை இல்லை. முனையில் இருந்த டீக்கடையின் கூரை மட்டும் தெரிந்தது. அதன் மேல் ஒரு சைக்கிள் எப்படியோ வந்து உட்கார்ந்திருந்தது. பஸ்ஸை உள்ளே இறக்கினேன். கண்டக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, வேண்டாம்ணே, வேண்டாம்" என்று அழுதார். இஞ்சின் ஒருமுறை இருமி நின்றுவிட்டது.

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு ஷட்டரைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். தண்ணீர் நுழையாமலிருக்க மாமா அதை முழுக்க இறக்கியிருக்கிறார்; வெளியிலிருந்து தண்ணீர் அழுத்தியதால் உள்ளே இருந்து தூக்க முடியாமல் போயிருக்கிறது. உள்பக்கத் தகடு முழுக்கச் சுத்தியலால் அடித்த பள்ளம். மோட்டார்கள் அத்தனையும் பெஞ்சு மேல் வரிசையாக இருந்தன. மாமாவோடு சேர்த்து, அந்தத் தெருவில் மட்டும் செத்தவர்கள் முப்பது பேருக்கு மேல்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான்கு நாள் யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள், என் மனைவி தட்டைக் கொண்டுபோய் எதிரில் வைத்தபோது பேசினாள்.

"நீ சொன்னதை நான் நம்பினேன். அவர் உன் ஆபீசை நம்பினார். ரெண்டும் ஒண்ணுதானே? எப்படி ரெண்டாச்சு?"

"அண்ணி..."

"நீ ஏன் போன்ல சொன்ன? ஆபீஸ் ஜீப்பை எடுத்துக்கிட்டு நேர்ல வந்து தெருவுல நின்னிருந்தா ஒருத்தராவது போன் போட்டுக் கேட்டிருப்பாங்களா? நான் கத்தினா யாருடி கேப்பா? என் பேச்சை என்னிக்கு யார் கேட்டிருக்கா?"

அவள் திட்டவில்லை. உண்மையிலேயே கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. என் மனைவி தரையில் உட்கார்ந்தாள். எனக்கு இருவரில் யார் பக்கம் போவது என்று தெரியவில்லை. கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். மேலணையிலிருந்து முறைப்படி எந்தத் தகவலும் வரவில்லை, கையில் இருந்த தரவுக்கு ஏற்ப அலுவலகம் சரியாகவே செயல்பட்டது என்று எழுதினார்கள். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இயக்குநர் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தார். போகிற அன்று என் மனைவியின் மேஜைக்கு வந்தாராம்.  கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

சம்பந்தியம்மாவைப் பற்றிச் செய்தித்தாளில்தான் தெரிந்தது. அணை ரகசியத்தை வேற்று நாட்டுக்குச் சொன்ன அதிகாரி கைது. போட்டோவும் போட்டிருந்தார்கள். இரண்டு போலீஸ்காரிகளுக்கு நடுவே ஒல்லியாக ஒரு பெண், தோளில் கைப்பை, ஆபீசுக்குக் கிளம்பியவர் போலவே இருந்தார். என் மனைவி பேப்பரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்னைவிடப் பெரியவங்கன்னு நெனச்சேன். சின்னப் பொண்ணுங்க. பாருங்க, சின்னப் பொண்ணு."

அந்த எண் சரியானது, அதைச் சொன்னவர் உயிர்களைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு எழுத நினைத்தாள். அமைச்சகத்தில் அனுமதி கேட்டாள். கூடாது என்றார்கள். நீங்கள் எழுதினால் அவர் நமக்காக வேலை செய்தார் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும், தண்டனைதான் கூடும் என்றார்கள். அதுவும் உண்மைதான். எழுதினாலும் கேடு, எழுதாவிட்டாலும் கேடு. எழுதவில்லை. ஒன்பது வருஷம் போட்டார்கள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.

அக்கா ஆற்றங்கரைத் தெருவுக்கே திரும்பிப் போனாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "உன் வீட்டுல நான் வேண்டாத விருந்தாளியா உக்காந்திருக்கணுமா?" என்றாள். தெருவில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். வேறு எங்கே போவார்கள்?

அடுத்த மழைக்காலம் வந்தது. மேலணைக் கணக்கு இன்னும் வருவதில்லை. எல்லையில் புது அளவுமானி வைத்தார்கள். அது பாதி நாள் வேலை செய்கிறது. புது இயக்குநர் பழையவருக்கு நேர் எதிர். பயந்தவர். ஆறு இரண்டு அடி ஏறினால் சைரனை ஊதச் சொல்கிறார். யாரும் குறை சொல்ல முடியாது. எச்சரித்தோம் என்று எழுத்தில் இருக்கும். முதல் சைரனுக்குத் தெருவே காலியானது. ஆறு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் அடைந்து கிடந்து திரும்பியபோது நாலு வீட்டில் பூட்டை உடைத்திருந்தார்கள். இரண்டாவது சைரனுக்குப் பாதிப் பேர் போனார்கள். அப்போதும் வரவில்லை.

மூன்றாவது சைரன் ஒரு பிற்பகலில் ஊதியது. என்னைக் காலி பஸ்ஸோடு ஆற்றங்கரைத் தெருவுக்கு அனுப்பினார்கள். என் மனைவிக்கு அன்று ஷிப்ட் முடிந்திருந்தது. என்னோடு ஏறிக்கொண்டாள். நேரில் போய்க் கூப்பிட வேண்டும் என்றாள். தெரு முனையில் இஞ்சினை அணைக்காமல் நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் வரவில்லை. எதிர் வீட்டில் ஒரு ஆள் ஜன்னலைத் திறந்து பார்த்து மூடினார்.

அக்கா படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி, போகலாம்" என்றாள் இவள்.

"நிஜமா வருமா?"

என் மனைவி பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வரவில்லை. "என் கணக்குப்படி இன்னிக்கு வராது."

"அப்ப எதுக்குக் கூப்பிடற?"

"அணை திறந்துட்டா என் கணக்குக்குத் தெரியாது அண்ணி. முன்னாடி சொல்றதுக்கு ஒருத்தங்க இருந்தாங்க. இப்ப இல்ல."

அக்கா ஒரு புடவையை நாலாக மடித்து, நீவி, அடுக்கின் மேல் வைத்தாள். "நிஜமா வர்ற அன்னிக்கும் இதே மாதிரிதான் ஊதும், இல்ல?"

"ஆமா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"சரி, உக்காரு. டீ போடறேன்."

என் மனைவி உட்கார்ந்தாள். டீயைக் குடித்து முடித்து, டம்ளர்களை இவளே கழுவி வைத்தாள். இரண்டு பேருக்கும் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. கோபப்பட்டுக்கொள்ள அவர்களுக்குள் இனி ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. சைரன் இன்னொரு முறை ஊதி ஓய்ந்தது.

அன்று ஆறு வரவில்லை. நான் பஸ்ஸைத் திருப்பினேன். பின்னால் அத்தனை சீட்டும் காலி. என் மனைவி மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து, பாலம் வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, அது எப்போது பொங்கும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு, அன்றைய தாளில் வெளியேற்றப்பட்டோர் என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டுக் கையெழுத்திட்டேன். மேனேஜர் அதை வாங்கி மற்றத் தாள்களோடு வைத்தார். மற்றப் பஸ்களின் தாள்களிலும் அதே பூஜ்யம்தான்.